டெத்லூப்: விமர்சகர்கள் 10-க்கு 10 கொடுத்த கேம்... பிளேயர்கள் ஏன் கடுப்பானார்கள்?

'மாநாடு' படத்தில் சிம்பு ஒரே நாளில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வார். அந்தப் படம் வருவதற்கு 2 மாதம் முன்பு, 2021 செப்டம்பரில் அதே டைம் லூப்பை வைத்து வந்த துப்பாக்கி கேம்தான் 'டெத்லூப்'.

கதை என்ன?

பிளாக்ரீஃப் தீவில் சிக்கிய ஹீரோ கோல்ட், ஒரே நாளில் 8 பேரைக் கொன்றால்தான் லூப் உடையும். ஒருவர் மிஞ்சினாலும் மறுபடி காலையிலிருந்து ஆரம்பம். நடுவில் ஜூலியானா வேட்டையாட வருவார். ஆன்லைனில் ஆடினால், அவரை இயக்குவது இன்னொரு பிளேயராகவும் இருக்கலாம்.

ஏன் பாராட்டு?

ஐஜிஎன், கேம்ஸ்பாட் இரண்டுமே 10/10 கொடுத்தன. செத்தாலும் தெரிந்துகொண்ட ரகசியம் வீணாகாது என்பதுதான் பெரிய பிளஸ். 2021 கேம் அவார்ட்ஸில் சிறந்த இயக்கம், சிறந்த கலை இயக்கம் என 2 விருதுகள்.

என்ன குறை?

எதிரிகளுக்குப் புத்தி கம்மி. பக்கத்தில் நிற்பவன் செத்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற புகார் உண்டு. லூப்பை உடைக்க கடைசியில் ஒரே வழிதான் என்பதும் ஏமாற்றம். கம்ப்யூட்டரில் வாங்கியவர்களுக்கோ படம் திக்கித் திக்கி ஓட, ஸ்டீமில் நெகட்டிவ் ரிவ்யூ குவிந்தது. பிறகு அப்டேட் வந்தது.

வாங்கலாமா?

தேன்கனிக்கோட்டையோ சென்னையோ, முதலில் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்: குறைந்தது 12 ஜிபி ரேம் வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரத்தம் அதிகம், குழந்தைகளுக்கானது அல்ல.