கையில் உள்ள தொழில் கைவிடாது

2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகளும், 20ஆம் திகதி ஊரடங்கோடு நாடும் மூடப்பட்டன. கணக்கையும் சமயத்தையும் தொலைக்காட்சியில் ஓரளவு படிப்பிக்கலாம். ஏர் பிடிக்காமல் உழவு வருமா? வெல்டிங்கும் மோட்டார் திருத்தலும் அப்படித்தான். அரிப்பு போன்ற கரையோர ஊர்களில் ஒரு வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதற்கு டேற்றா போடவும் காசு வேண்டும். தகப்பனின் கூலி நின்றதும் மகன் வேலைக்குப் போனான். பயிற்சி நிலையம் திறந்தபின் சிலர் திரும்பவேயில்லை.

சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரி, படிப்பை இடையில் விட்டவர்களையே தேடிச் சேர்த்தது; தொழிலோடு வாழ்க்கைத் திறனையும் கற்பித்தது. எமது நாட்டிலும் வழிகள் உண்டு.

சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளைக்கு, தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் 2017இல் ஆரம்பித்த தொழிற்பாடத்துறை உண்டு.

உழைத்துக்கொண்டே பழக விரும்புபவருக்கு, நைட்டாவின் தொழில் பழகுநர் பயிற்சி உண்டு.

வருடக்கணக்காக மேசன் வேலை செய்தவர் மறுபடி வகுப்பில் இருக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டினால், என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். நான்காம் மட்டம்வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம்.

அன்பான பெற்றோரே, இடம்பெயர்ந்தபோது வயலும் வீடும் எம்மோடு வரவில்லை. தெரிந்த தொழில் மட்டுமே வந்தது. ஊரடங்கில் படிப்பை விட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பிரதேச செயலகத்தில் இன்றே விசாரியுங்கள். மகளுக்காகவும் கேளுங்கள்.