உங்களுக்குத் தெரியுமா? விட நினைத்தும் விட முடியாதது ஏன்?

திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தருகே கோபுரத்து இளையனார் சந்நிதி உள்ளது. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர், தன் வேட்கையை அடக்க முடியாத வேதனையில் அங்கே உயிரை விடத் துணிந்தார், முருகன் தாங்கிக்கொண்டார் என்பது தலமரபு. மரபுக்கதை மருத்துவக் குறிப்பு ஆகாது. ஆனால் திருந்த வேண்டும் என்று தவித்தும் முடியாத அந்த நிலையைக் குடிநோயாளியின் வீட்டார் நன்கு அறிவார்கள்.

மதுவும் போதைப்பொருளும் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை அளவுமீறிப் பெருக்குகின்றன. இது தொடர்ந்தால், அதை ஏற்கும் டி2 ஏற்பிகள் குறைகின்றன. பிள்ளையின் சிரிப்பும் பசிநேரத்துச் சோறும்கூட இன்பம் தராமல் போகலாம். மதுக்கடை வாசலைக் கண்டாலே ஏக்கம் கிளம்பும். 'பொறு, வேண்டாம்' என்று தடுக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணி. அதன் இயக்கமும் மங்குவதை நோரா வோல்கோவ் போன்ற ஆய்வாளர்கள் பெட் ஸ்கேனில் கண்டார்கள். தடுக்கும் பகுதியே தளர்ந்தவரை 'மனசு வெச்சா விடலாமே' என்று ஏசுவது கொடுமை. அவருக்குத் தேவை சிகிச்சை.

மூளை தேறவும் செய்யும். மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளை ஓராண்டுக்கு மேல் விட்டவர்களிடம், டோபமினைக் கையாளும் புரதங்கள் பெருமளவு மீண்டதை வோல்கோவ் குழு 2001இல் வெளியிட்டது. நினைவு, கை இயக்கம் ஆகியவை அதே வேகத்தில் தேறவில்லை. அவற்றுக்குக் கூடுதல் காலம் வேண்டியிருக்கலாம்.

போதை மீட்பு ஆலோசனைக்கான தேசியக் கட்டணமில்லா எண்: 14446. குடும்பத்தாரும் அழைக்கலாம்.