பிடியரிசியில் எழும் கோயில்

திக்லிபூரில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர். நம் தமிழ்க் குடும்பங்கள் சொற்பமே. இத்தகைய ஊரில் கோயிலோ, பஜனை மடமோ, மாதா கோயிலோ எழுப்ப நினைத்தால் உடனே வசதியுள்ள நாலு பேரைத் தேடிப் போகிறோம். கட்டடம் எழும்பிவிடும். மற்றவர்கள் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும் விருந்தாளிகளாகிவிடுவார்கள். அந்த நாலு பேருக்கு மாற்றலாகிவிட்டால் விளக்கேற்றவும் ஆள் இராது.

இதற்கு மாற்று வழியை மிசோரம் பெண்கள் 1910-இல் கண்டார்கள். சமைக்கும்போதெல்லாம் உலை அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பது. அதைத் திரட்டி விற்ற பணம் திருச்சபைக்கு. 'புஃபாய் தம்' என்பது அதன் பெயர். காசில்லாத வீட்டிலும் அரிசிப் பானை பெண்ணின் கையில்தானே இருந்தது? அதுதான் சூட்சுமம். இன்றும் அங்கே இவ்வழக்கம் நடந்து வருகிறது. காஞ்சிப் பெரியவர் வலியுறுத்திய பிடியரிசித் திட்டமும் இவ்வழியே.

ரயில்வேக்காரன் கணக்கு ஒன்று சொல்கிறேன் (அந்தமானில் ரயிலே இல்லையே என்று சிரிக்க வேண்டாம்). முக்கியப் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் கட்டைகள் போடுவோம். இஞ்சின் பாரத்தை எந்தக் கட்டையும் தனியாகச் சுமப்பதில்லை.

பிடி ஒன்று 50 கிராம், நாளுக்கு ஒரு பிடி என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. 40 வீடுகள் சேர்ந்தால் 60 கிலோ. மாதம் ஒரு அன்னதானத்துக்குத் தாராளம். அரிசி கொடுத்த வீட்டார் கோலம் போடவும், குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரவும் தாமே வருவார்கள். வீடு வீடாகத் திரட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கணக்கை மாதந்தோறும் எல்லார் முன்னிலையிலும் படித்துவிடுங்கள்.