பாரிசவாதம் வந்த பிறகும் பீடியை விடுவோம்



லயத்துக்கு லயம் போய் வரும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி இது. பாரிசவாதம் வந்து, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பியவர் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். ஒரு கை தூக்க வராது. பார்க்க வந்த கூட்டாளி ஒரு பீடியைப் பற்ற வைத்து அவர் கையில் கொடுப்பார். "பாவம், கைகால் போச்சு. இனி விட்டு என்ன ஆகப் போவுது? இதையாவது குடிக்கட்டும்" என்பார். பாசத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பாசம் இரண்டாவது பாரிசவாதத்தை அழைத்து வரலாம்.

பீலிக்கு வரும் குழாயில் சேறு அடைத்தால் தண்ணீர் வராது. அதுபோல மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வருகிறது. புகை இரத்தக் குழாயைச் சுருக்கி பிரஷரை ஏற்றுகிறது. இரத்தம் கட்டியாவதைக் கூட்டுகிறது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு, இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடிபட்ட மூளைக்கு இது மேலும் கெடுதி.

விட்டால் என்ன நடக்கும்? 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். 12 மணித்தியாலத்தில் அந்த நச்சுவாயு இரத்தத்தில் வழமையான அளவுக்குக் குறையும். 2 முதல் 12 வாரத்துக்குள் இரத்த ஓட்டம் சீராகும். 5 முதல் 15 வருடத்தில் பாரிசவாத ஆபத்து, புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒருமுறை வாதம் வந்தவருக்கும் மறுபடி வரும் ஆபத்து குறையும். செத்த மூளைப் பகுதி திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம்.

"குறைச்சிட்டேன், நாளைக்கு ஒன்னுதான்" என்பவர்களும் உண்டு. அது போதாது. நாளுக்கு 20 சிகரெட் குடிப்பதால் கூடும் பாரிசவாத ஆபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சிகரெட்டில் வந்துவிடுகிறது என்று 2018இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் நல்லதல்ல.

விட்ட முதல் நாட்களில் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். ஆசை எழும்போது தண்ணீர் குடியுங்கள், பேச்சுக் கொடுங்கள். சில நிமிடத்தில் அடங்கிவிடும். கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டார் காம்பராவுக்குள் பீடி பற்ற வைக்கக் கூடாது.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். காசு வேண்டியதில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களே, பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவர் கையைப் பிடித்து நாலு எட்டு நடக்க வையுங்கள். அதுதான் உண்மையான உதவி.