பிள்ளைகள் கையில் இரண்டாயிரம்

கிழக்குத் தில்லியில் கிச்ரிபூர் என்றொரு பகுதி. அங்குள்ள அரசுப் பள்ளியில் 41 மாணவர்களை ஒன்பது குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு தொழில் செய்து பாருங்கள் என்பதுதான் பாடம். வெள்ளோட்டம் நம்பிக்கை தரவே, 2021 செப்டம்பரில் தொகையை இரண்டாயிரமாக்கி, தில்லி அரசுப் பள்ளிகளின் 11, 12ஆம் வகுப்புகளுக்கு விரித்தார் அப்போதைய கல்வி அமைச்சர் மணீஷ் சிசோடியா. ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்று பெயர். சுமார் மூன்று லட்சம் மாணவர்கள், 51,000 குழுக்கள், 60 கோடி ரூபாய்.

கோடியில் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் குழுவுக்குச் சராசரியாக ஆறு பேர், கைமுதல் 12,000 ரூபாய். தள்ளுவண்டியில் டிபன் கடை போடுகிறவர்கூட இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிப்பார்.

ஆனால் பிள்ளைகளுக்கு இது போதும். வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் ஒரு குழுவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு சாக்லேட்டுக்குச் சரக்கு 400 ரூபாய், சுற்றும் தாள் 60 ரூபாய். அடக்க விலை நாலு ரூபாய் அறுபது காசு. ஆறு ரூபாய்க்கு விற்றால் நூற்றுக்கு 140 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதிவிடலாம். விற்கப் போகும்போதுதான் சங்கதி புரியும். உடைந்ததும், ‘டேஸ்ட் பார்க்கிறேன்’ என்று நண்பர்கள் தின்றதுமாகப் பதினைந்து போய்விடும். மிச்சம் 85க்கு 510 ரூபாய். அதிலும் பத்து சாக்லேட் கடன். போக வர ஆட்டோவுக்கு 80 ரூபாய் ஆனதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வராத கடனை வந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 30 ரூபாய் கை நஷ்டம். வணிகவியல் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் படித்தாலும் உறைக்காத விஷயம் இந்த முப்பது ரூபாயில் உறைத்துவிடும்.

அதனால்தான் பணத்தை முன்னால் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது யோசனைப் போட்டி. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டமும் நல்ல யோசனை சொல்லும் அணிகளுக்குப் பரிசு தருகிறது. குறை சொல்லவில்லை. ஆனால் பரிசு வாங்குகிறவர்கள் சில அணிகள்தான். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை, சார்ட் பேப்பரில் அழகாக எழுதத் தெரிந்த பிள்ளை மேடையேறிவிடும். சரக்கு வாங்கி, விற்று, நஷ்டப்படும் வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

பணம் அரசுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? 1919இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தொடங்கிய ‘ஜூனியர் அச்சீவ்மென்ட்’ வேறு வழியில் போனது. மாணவர்கள் ஒரு கம்பெனி தொடங்கி, சின்னச் சின்னப் பங்குகளை உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விற்று முதல் திரட்டுவார்கள். கல்வியாண்டு முடிவில் கம்பெனியைக் கலைத்து, லாபம் இருந்தால் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் பணம் என்ற பயம் இருப்பதால் கணக்கு சுத்தமாக இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பங்கு வாங்க அக்கம்பக்கத்தில் நாலு பேர் கையில் காசு வேண்டுமே! தினக்கூலி வீட்டுப் பிள்ளை யாரிடம் போய்ப் பங்கு விற்கும்? அங்கே அரசுதான் கைமுதல் தர வேண்டும்.

தில்லித் திட்டத்தில் எனக்கு நெருடுவது டிவி நிகழ்ச்சி. 2021 நவம்பர் முதல் சிறந்த அணிகள் முதலீட்டாளர் முன்னால் பேசுவதை ஒளிபரப்பினார்கள். 2022 மார்ச்சில் தியாகராஜ் மைதானத்தில் 126 அணிகளோடு கண்காட்சி நடந்தது. தேறிய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் நேரடிச் சேர்க்கை என்ற அறிவிப்பும் வந்தது. இப்படி 126 அணிகள் மீது வெளிச்சம் விழுந்ததும், 51,000 குழுக்கள் கற்ற பாடம் ஒரு போட்டியாகச் சுருங்கிவிட்டது. முப்பது ரூபாய் தோற்ற குழுவுக்குக் கேமரா கிடைக்கவில்லை.

‘இதனால் தொழிலதிபர்கள் உருவாவார்களா?’ என்பதற்கு ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் இதே மாதிரி மாணவர் கம்பெனித் திட்டத்தை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. திறமை குறிப்பிடும்படி கூடவில்லை. தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்திருந்தது. எனக்கென்னவோ அதுவும் லாபக் கணக்கில்தான் வரும். கடன் வாங்கித் தெருவுக்கு வந்த பிறகு தெளிவதைவிடப் பதினெட்டு வயதில் தெளிவது மேல். ஸ்வீடனில் மேல்நிலைப் பள்ளியில் கம்பெனி நடத்திய மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தொழில் தொடங்கினார்கள், தொழிலில் வருமானமும் கூடுதல். ஆனால் அந்தத் தொழில்கள் மற்றவர்களுடையதைவிட நீடித்து நிற்கவில்லை.

2025இல் தில்லியில் ஆட்சி மாறியது. பிசினஸ் பிளாஸ்டர்ஸ் போய், ‘நீவ்’ என்ற புதிய திட்டம் எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்கும் என்றார்கள். பெயர் மாறுவது புதிதல்ல. ஆனால் 2021இல் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிய பிள்ளைகள் இப்போது இருபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் ஒரு சில ஆயிரம் பேரையாவது தேடிப் பிடித்து, சரக்கு என்ன, நஷ்டம் எங்கே, இன்று என்ன வேலை என்று கேட்டு எழுதிவைக்கலாம். ஸ்வீடன்காரர்களிடம் இருப்பதும் அந்தப் பட்டியல்தான். 60 கோடி செலவழித்த திட்டத்துக்கு அதற்கான செலவு சில்லறைக் காசு.