மரத்துக்கு மேலால் ஒரு வழி

உடல் வலிமை ஒன்றையே வேண்டி நிற்கும் விளையாட்டுகள் பல. வலிமையோடு கூர்த்த மதியையும் வேண்டுவன சிலவே. அச்சிலவற்றுள் வைத்து எண்ணத்தக்கது, அமெரிக்க நாட்டிலே வளர்ந்து இன்று பல தேசங்களிலும் பரவியுள்ள டிஸ்க் கோல்ஃப் என்னும் விளையாட்டாகும். கோல்ஃப் பந்துக்கும் கோலுக்கும் பதிலாக இங்கே கையிலிருப்பது ஒரு தட்டு. குழிக்குப் பதிலாக இலக்காய் நிற்பது சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடை. மிகக் குறைந்த எறிகளிலே தட்டைக் கூடைக்குட் சேர்ப்பவர் வென்றவராவார். தட்டு எங்கே விழுந்து கிடக்கின்றதோ அவ்விடத்திலிருந்தே அடுத்த எறியை எறிதல் வேண்டும்.

சொல்லும்போது இஃது எளிதாகவே தோன்றும். ஆனால் கூடைக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே ஓங்கிய மரங்கள் சுவர்போல் நின்று வழியை மறிப்பின் செய்வது யாது? வளரும் கிளையை ஒடித்தோ பிடித்து விலக்கியோ வழி செய்துகொள்வதை விதிகள் ஒப்புவதில்லை. வலமும் இடமும் அடைபட்டபோது எஞ்சியிருப்பது வானம் ஒன்றே. அவ்வழியே தட்டைச் செலுத்தும் கலையைப் பற்றியே நாம் இங்கு கூறப் புகுகின்றோம்.

விளையாட்டின் தோற்றம்

இவ்விளையாட்டுக்கு இன்றைய உருவத்தை அளித்தவர் எட் ஹெட்ரிக் என்பார். அவர் 1964ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்த வாம்-ஓ என்னும் விளையாட்டுப் பொருட் கம்பெனியிற் சேர்ந்தார். ஃபிரிஸ்பீ எனப்படும் எறிதட்டின் மேற்புறத்திலே வட்ட வட்டமாய் மெல்லிய வரம்புகளை அமைத்து, அது தள்ளாடாது பறக்குமாறு திருத்தினார். அத்திருத்தத்துக்கு 1967இல் காப்புரிமையும் பெற்றார். 1975இல் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ் நகரிலுள்ள ஓக் குரோவ் பூங்காவிலே முதலாவது நிலையான ஆடுகளம் அவரால் வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் நட்ட கம்பங்களே இலக்குகளாயிருந்தன. தட்டுக் கம்பத்திற் பட்டதா இல்லையா என்ற வாதத்துக்கு முடிவு கட்டியது, பின்னர் அவர் ஆக்கிய சங்கிலிக் கூடையே. 2002இல் அவர் மறைந்தபோது, அவருடைய விருப்பத்தின்படியே உடலின் சாம்பலும் எறிதட்டுகளுடன் கலந்து வார்க்கப்பட்டது. ஒரு விளையாட்டின்மீது ஒருவர் கொண்ட பற்றுக்கு இதனினும் மிக்க சான்று வேண்டுமோ?

தட்டு மிதப்பது எங்ஙனம்?

தலைக்கு மேலால் எறியும் முறையை விளங்கிக்கொள்வதற்கு, சாதாரண எறியிலே தட்டு எவ்வாறு பறக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கிடையாக எறியப்பட்ட தட்டு தான் செல்லும் வழியிலுள்ள காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. அதன் எதிர்விளைவாகக் காற்று தட்டை மேலே தாங்குகின்றது. தட்டின் சுழற்சியோ அதனைப் புரளவிடாது நிலைநிறுத்துகின்றது. சுழலும் பம்பரம் நிற்பதும் சுழலாத பம்பரம் சாய்வதும் சிறுவரும் அறிந்த உண்மையன்றோ?

பம்பரத்துக்கு மற்றுமோர் இயல்புண்டு. சுழலும்போது அதனை ஒரு பக்கமாய்த் தள்ளினால், தள்ளிய திசையில் அது வீழ்வதில்லை. அதற்குக் குறுக்கான திசையிலே சாய்ந்து சுற்றி வரும். தட்டும் அவ்வாறே. காற்று அதன் முன்விளிம்பை மேலே தள்ளினால் தட்டு பின்னே மல்லாராது பக்கத்தே சாயும். வலக்கைக்காரர் ஒருவர் தம் மார்புக்குக் குறுக்கே கையைக் கொணர்ந்து புறங்கைப் பக்கமாய் எறியும் தட்டு, மேலிருந்து நோக்குவார்க்கு மணிக்கூட்டின் முள்போலச் சுழலும். வேகம் தளர்ந்ததும் அது இடப்புறம் வளைந்து இறங்குவது இக்காரணத்தாலேயாம்.

ஏற்று விசையின் ஆற்றல் மிகப் பெரிது. டேவிட் விகின்ஸ் என்னும் இளைஞர் 2016இல் நெவாடா மாநிலத்துப் பாலைவனத்திலே, காற்றின் துணையோடு, 338 மீற்றர் தூரம் தட்டை எறிந்து உலக சாதனை படைத்தார். காற்றைத் தோழனாக்கிக்கொண்டவர்க்கே இத்தகைய தூரம் கைகூடும்.

மிதப்பைத் துறக்கும் எறி

தலைக்கு மேலால் எறிபவர் இத்தோழமையைத் தாமாகவே துறக்கின்றார். எங்ஙனமெனின், தட்டைக் கிடையாக விடாது, வண்டிச் சில்லுப்போல நிமிர்த்தி விடுகின்றார். நிமிர்ந்த தட்டைக் காற்றுத் தாங்குவதில்லை. எறிந்த கல்லைப்போல அது மேலெழுந்து மரத்தின் உச்சியைக் கடக்கும். கடக்கும்போதே பம்பரத்துக்குச் சொன்ன அதே நியதியால் மெல்லச் சாய்ந்து, தலைகீழாய்ப் புரண்டு, குழிந்த பக்கம் வானை நோக்க, செங்குத்தாய் இறங்கும். பரந்த முதுகு நிலத்திற் படியுமாறு விழுந்தால் அதிக தூரம் ஓடாது அண்மையிலேயே நிற்கும். விளிம்பிலே விழுந்தால் துள்ளி அப்பால் ஓடவுங்கூடும். ஆதலால் தட்டு எவ்விடத்தில் எந்நிலையில் விழும் என்பதை முன்னரே மதித்தல் இவ்வெறியின் உயிர்நாடி எனலாம்.

இதில் இரு வகைகள் உள்ளன. முதலாவது டொமஹோக். அமெரிக்க ஆதிக்குடிகளின் கைக்கோடரியின் பெயர் இது. சுட்டுவிரலும் நடுவிரலும் விளிம்பின் உட்புறத்தை அழுத்த, பெருவிரல் தட்டின் முதுகைப் பற்றும். கோடரியை ஓங்கி எறிவதுபோலக் கை தலைக்கு மேலால் வரும். இரண்டாவது தம்பர். இதில் பெருவிரல் விளிம்பின் உட்புறம் புக, ஏனைய விரல்கள் வெளியே நிற்கும். கையின் வீச்சு இரண்டுக்கும் ஒன்றே. ஆயினும் தட்டின் முதுகு எதிர் எதிர்ப் பக்கங்களை நோக்குவதால், ஒன்று புரளும் திசைக்கு மாறான திசையிலே மற்றது புரளும். கண்ணாடியிற் கண்ட உருவம்போல ஒன்றுக்கொன்று இவை நேர்மாறானவை. மரத்தைக் கடந்தபின் தட்டு எப்பக்கம் சாய்ந்து இறங்க வேண்டுமோ அதற்கேற்ற வகையைத் தெரிந்தெடுப்பதே ஆட்டக்காரரின் திறமை. கிரிக்கெட் மைதானத்தின் எல்லையிலிருந்து விக்கெட்டை நோக்கிப் பந்தெறிந்து பழகியவர்க்கு இவ்வீச்சு விரைவில் வசப்படும்.

வேறு சில உத்திகள்

மேலே வழியில்லை, கிளைகள் தாழ்ந்து கவிந்துள்ளன. அப்போது நிலமே வழியாகும். தட்டை விளிம்பிலே தரையிறக்கி உருண்டோட விடும் எறிக்கு ரோலர் என்று பெயர். இறுகிய சமதரையிலே நெடுந்தூரம் அது செல்லும். சரிவான நிலத்திலோ எறிந்தவரை ஏமாற்றிப் பள்ளத்துக்கு ஓடிவிடும். கூடை மிக அண்மையில், ஆனால் ஓர் உயர்ந்த தடுப்புக்கு அப்பால் இருப்பின், தட்டைத் தலைகீழாகப் பிடித்துப் புறங்கைப் பக்கமாய் வானை நோக்கி எறிவர். கைக்குண்டு என்னும் பொருளில் இதனைக் கிரனேட் என்பர். முன்னே ஒரு புதர் மாத்திரம் மறைத்தால், தாம்பாளம் ஏந்துவார்போல விரல் நுனிகளிலே தட்டைத் தோளுக்கு மேல் ஏந்தி, கூடையை நோக்கித் தள்ளிவிடுவதும் உண்டு. இதற்கு டர்போ என்று பெயர்.

தோளைக் காப்போம்

கவர்ச்சி மிக்கது எதுவோ அதனையே இளையோர் முதலில் நாடுவர். மரத்துக்கு மேலாற் செல்லும் தட்டைக் கண்டு பார்ப்போர் கைதட்டுவர். ஆனால் எறிந்தவரின் தோள் படும் பாட்டை அவர்கள் அறியார். இவ்வீச்சு தோள் மூட்டையும் முழங்கையையும் பெரிதும் வருத்துவது. ஓயாது பேஸ்போல் பந்தெறியும் வளரிளம் சிறுவரிடையே எலும்பின் வளர்முனை காயமுறுதலை வைத்தியர்கள் கண்டுள்ளனர். ஆகவே பயிற்சிக்கு முன் உடலைச் சூடாக்குதல் வேண்டும். முதலில் இருபது முப்பது மீற்றருக்குள், முழு வலிமையையும் செலுத்தாது எறிந்து பழகுதல் வேண்டும். ஒரே நாளிற் பலமுறை எறியாதிருத்தலும், நோவு தோன்றிய கணமே நிறுத்துதலும் நன்று. விளிம்பு கூரிய கடினமான தட்டு உயரத்திலிருந்து இறங்குவதால், எதிரே ஆளில்லை என்பதைக் கண்டபின்பே எறிதல் கடமையாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை மறத்தலாகாது.

இன்னுமொன்று. மரத்துக்கு மேலால் வழியுண்டு என்பதனால் எப்போதும் அவ்வழியே செல்ல வேண்டும் என்பதில்லை. உச்சிக்கிளையில் மோதி மீண்டும் காட்டுக்குள்ளேயே தட்டு விழுமாயின் நட்டம் இரண்டு மூன்று எறிகளாகலாம். பக்கத்திலுள்ள சிறு இடைவெளியினூடாக வெட்டவெளிக்கு வந்து சேர்ந்தால் இழப்பு ஓர் எறியோடு முடியும். தேர்ந்த ஆட்டக்காரர் பலர் பல வேளைகளிலே இரண்டாவதையே தெரிவர். அரிய எறியைக் கற்றிருத்தல் ஒரு திறமை. அதனை எறியாது விடவேண்டிய வேளையை அறிந்திருத்தல் அதனினும் பெரிய திறமை. கையிலுள்ள தட்டு எவ்வாறு மிதக்கும், எவ்வாறு விழும் என்னும் இரண்டையும் அறிந்தவரே அவ்வேளையைக் கண்டுகொள்வர்.