பசு, எருமைகளின் வேட்கைக் காலத்தை அறிதல்

நெல்லியடிக் கமக்காரருக்குப் பாலும் தோட்டத்துக்கு எருவும் தருவது பசு. ஆயினும், வளவிற் கட்டி வளர்க்கும் பசுவின் வேட்கை எளிதிற் புலப்படாது. ஒரு வேட்கையைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். கன்றும் பாலும் பிந்தும். தீனிச் செலவோ குறையாது.

வேட்கையுற்ற பசு அடிக்கடி கதறும்; தீனியிற் கருத்துக் குறையும்; பெண்குறி தடித்துச் சிவந்து, கண்ணாடி போன்ற தெளிந்த சளி வடியும். பிற மாடு தன்மேல் ஏறும்போது விலகாது நிற்பதே உறுதியான அறிகுறியாகும். கட்டிய பசுவில் இதனைக் காண முடியாது. ஆகையால், காலையும் மாலையும் அரைமணி நேரமேனும் ஏனைய மாடுகளுடன் அவிழ்த்துவிட்டுக் கவனித்தல் நன்று.

எருமையில் இவ்வறிகுறிகள் மங்கலானவை; பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தோன்றும். அது சிறுகச் சிறுக அடிக்கடி சலம் விடுவதையும் கவனிக்கவும்.

காலையில் வேட்கை கண்ட பசுவை அன்று மாலையும், மாலையிற் கண்டதை மறுநாட் காலையும் சினைப்படுத்துதல் வேண்டும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலாயின், அறிகுறி கண்டவுடன் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கவும். திகதியைக் குறித்துவைத்து, 18ஆம் நாள் தொடக்கம் 24ஆம் நாள் வரை மீண்டும் கவனிக்கவும். வேட்கை காணாவிடின் சினை பிடித்திருக்கலாம். மூன்றாம் மாதத்தில் வைத்தியரைக் கொண்டு உறுதிசெய்துகொள்க.